மறைமுக வரி

ஜூலை. மஜ்காவ் கிடங்கு. தகரக் கூரையில் மழை
எதையும் இரண்டு முறை சொல்ல வைக்கிறது.
ஐந்து மரப்பெட்டிகள், புர்கினா ஃபாசோ, அபிஜான் வழியாக.
பொருள் விவரம்: முகமூடி, மரம், பழையது, ஆட்டத்துக்கு.
மதிப்பு என்ற கட்டத்தில்
ஒரு கோடு.

கோடு செல்லாது என்றேன்.
வரி போடுகிறவளுக்கு ஓர் எண் வேண்டும்.

லமூசா பொன்ஸி, குழுவின் பொறுப்பாளர்,
ஈரச் சட்டையோடு எதிரில் நின்றார்.
அவருக்குப் பிரெஞ்சு, எனக்குத் தமிழ்,
நடுவில் இருவருக்கும் சொந்தமில்லாத கொஞ்சம் இங்கிலீஷ்.
விற்றதே இல்லை, விலை எப்படித் தெரியும் என்கிறார்.
சரி, இதுவரை பயன்படுத்தியவர் பெயர்?
"யாருமில்லை. அது வரும். ஆடும். போகும்."

ஷெலார் ஆணிகளைப் பிடுங்கினான்.
வைக்கோலுக்கு அடியில் ஆள் உயரத்தையும் தாண்டிய ஒரு பலகை,
கறுப்பும் வெள்ளையுமாய்
என் படிவத்தில் இருப்பதைவிட அதிகக் கட்டங்கள்,
நடுவே கொக்கியாய் வளைந்த அலகு,
கீழே வட்டத்துக்குள் வட்டமாய் இரண்டு கண்கள்.
உடம்பெல்லாம் மறைக்கும் சிவப்பு நார் தனியே சாக்கில்.
பதினாறு வருடமாக வரி போடுகிறேன்,
வரி வரியாகவே வந்து இறங்கிய சரக்கு இதுதான்.

கண்களில் துளை இல்லை.
துளை இல்லாத இடத்தில் எதையோ ஒளித்திருப்பார்கள்
என்பது எங்கள் பயிற்சியில் முதல் பாடம்.
டார்ச் அடித்தேன்.
குடைந்த உட்புறம்,
நெற்றி பட்டுப் பட்டு வழுவழுத்த ஓர் இடம்,
குறுக்கே தடித்த கயிறு, கயிற்றில் பல் தடம்.
"கடித்துக்கொள்ள" என்றார்.
வார் இல்லை, கொக்கி இல்லை.
இத்தனை மரத்தையும் பல்லில் பிடித்துக்கொண்டு சுழல வேண்டும்.
பார்ப்பது வாய்த் துளை வழியாக.
உள்ளே இருப்பவர் பேசினால்
விழுந்துவிடும்.

முகமூடி என்ற சொல் அப்போதே பிசகிவிட்டது.
கொள்ளையர்கள் போடுவது முகமூடி.
இதற்கு வேறு சொல் யோசித்தேன், வரவில்லை.

விரிசலில் பொடி ஏதும் இருக்கிறதா என்று
வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினோம்.
மேல்முனை ஷெலார், அடிமுனை நான்,
என் முகம் உள்ளே போனது.
புகை, எண்ணெய், யாருடையதோ வியர்வை.
துளையில் கிடங்கு சின்னதாகத் தெரிந்தது:
எடை மேடை, கட்டிங் சாய் கிளாஸ், நனைந்த நாய்.
பிறகு ஷெலார். எப்போது கையை விட்டான்?
பத்தடி தள்ளி நின்றான்.
நாளைக்கு நூறு மேடம் போடுகிறவன்
ஒரு மேடம் போடவில்லை.
பாரம் முழுக்க என் கைகளில்.
கயிறு உதட்டில் பட்டது.
கடிக்கவில்லை.
கேட்டால் அப்படித்தான் எழுதிக் கொடுப்பேன்.

இறக்கியபோது லமூசா
தரையைப் பார்த்துக் குந்தியிருந்தார்.
எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுச் சொன்னார்:
"யார் என்று நான் பார்க்கவில்லை."

பரிசோதித்தவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டு.
துறைமுகம், அறிமுகம், மறைமுகம்,
எங்கே திரும்பினாலும் ஒரு முகத்தை ஒட்டிவைத்திருக்கும் மொழியில்
என் பெயரை எழுத அவ்வளவு நேரம் பிடித்தது.
கையெழுத்தை மட்டும் போட்டேன்,
வாசிக்க முடியாதபடி.

மூன்று வாரம் கழித்துத் திரும்பிவந்தன.
கலீனாவில் மழை விடாமலே ஆடியதாம். நான் போகவில்லை,
அன்று இரவுப் பணி.
எண்ணிக்கை ஐந்து, சரி. முத்திரை சரி.
எடை மட்டும் மூன்று கிலோ நானூறு கூடுதல்.
"நார் குடித்தது" என்றார் லமூசா.
இந்த ஊர் மழைக்கும் சேற்றுக்கும்
ஏற்றுமதி வரி உண்டா மேடம் என்றான் ஷெலார்.
மேடம் திரும்பியிருந்தது.

மூடும் முன் கயிற்றை ஒருமுறை பார்த்தேன்.
பழைய தடங்களுக்குப் பக்கத்தில் புதியவை.
எத்தனை பேருடையவை என்று எண்ணுவது
என் வேலை இல்லை.